சுண்ணாம்பு நிலத்தில் ஒரு மென்னீர்த் தொட்டி
டிஸ்கஸ் மீனுக்குச் செடி வைத்த நன்னீர்த் தொட்டி அமைத்தல்: இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கான பாடம்

உடுப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரை ஒரே கேத்தலில் ஒரு மாதம் கொதிக்க வைத்துப் பாருங்கள். அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். சுரண்டினால் சுண்ணாம்புத்தூள் போல உதிரும். அது சுண்ணாம்பேதான். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கின்றது. மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தேங்கிய நீரையே நாம் துலாவாலும் இயந்திரத்தாலும் இறைத்து வருகிறோம். அந்நீரில் கல்சியம் மிகுதி. பாடப் புத்தகத்தில் இதனை வன்னீர் என்பார்கள். சவர்க்காரம் நுரைக்கச் சுணங்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் குறையொன்றுமில்லை.

இப்பாடத்தில் நாம் படிக்கப்போகும் டிஸ்கஸ் மீனோ இதற்கு நேர் எதிரான தண்ணீரில் பிறந்தது. தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகையில், மழைக்காட்டு இலைகள் ஊறித் தேயிலைச் சாயம் போல நிறம் கொண்ட கிளையாறுகளில் அது வாழ்கின்றது. அங்கே தண்ணீரில் சுண்ணாம்பு இல்லையென்றே சொல்லலாம். 1840ஆம் ஆண்டில் ஒஸ்ரியாவைச் சேர்ந்த ஹெக்கல் என்ற அறிஞர் இம்மீனுக்கு விஞ்ஞானப் பெயர் இட்டார். தட்டையாகவும் வட்டமாகவும் ஒரு சாப்பாட்டுத் தட்டு நீரில் செங்குத்தாக நிற்பது போலவும் இருப்பதனால் அந்தப் பெயர். குளங்களில் நாம் யப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாவும் இதுவும் ஒரே குடும்பம். ஆனால் யப்பான் மீனின் உரம் இதற்கில்லை.

அப்படியானால் சுண்ணாம்புத் தண்ணீர்க்காரர்களாகிய நாம் இந்த மீனைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்? 1990ஆம் ஆண்டில் பலாலி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டிப் பக்கங்களிலிருந்து செம்மண் தோட்டங்களை விட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, 2009இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்ட போதிலும், இன்னும் தம் மண்ணை மிதிக்க முடியவில்லை. பிறர் வளவில் ஒரு பரப்பில் குடியிருப்பவர்களுக்குத் தோட்டம் செய்ய நிலமில்லை. அவ்வாறான குடும்பங்களுக்கு அலங்கார மீன் வளர்ப்பை ஒரு தொழிலாகப் பலர் எடுத்துச் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. சென்னையின் கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் தொட்டி கட்டி இத்தொழிலால் வாழ்கின்றன. பெண்களே முன்நின்று நடத்தும் தொட்டிகள் அங்கு பல. மலேசியாவின் பினாங்கிலோ டிஸ்கஸ் மீன் வளர்ப்பு உலகறிந்த தொழிலாகவே வளர்ந்திருக்கின்றது. ஆனால் ‘டிஸ்கஸ் நல்ல விலை போகும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுக் கடன் எடுத்துத் தொட்டி வாங்கியவர்களின் கதையும் உண்டு. எந்தப் பயிரையும் மண் பார்த்தே நடுவோம். மீனுக்கு மண், தண்ணீர்தான்.

எனது முதல் தொட்டி

நான் முதன்முதலாக டிஸ்கஸ் வாங்கியபோது செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கொழும்புக்கு ஒரு அலுவலாகப் போன இடத்தில் ஐந்து குஞ்சுகளைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த அன்றே புதுத் தொட்டியைக் கழுவிக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, மீனையும் விட்டேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. மூன்றாம் நாள் மீன்கள் கறுத்து ஒரு மூலையில் ஒதுங்கின. ஒன்பதாம் நாள் கடைசி மீனும் போய்விட்டது.

பக்கத்து வளவில் வசாவிளானிலிருந்து வந்த ஒரு ஆச்சி இருந்தார். புகையிலையும் மிளகாயும் செய்து பழகிய கை. வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “தம்பி, பச்சை எருவுக்குள்ள கண்டு நட்டால் எரிஞ்சு போகும்தானே. உதுவும் அப்பிடித்தான் போல,” என்றார். அவர் மீன் வளர்த்தவரல்லர். என்றாலும் நான் பிறகு புத்தகங்களில் தேடிப் படித்த பாடத்தை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்.

தொட்டிக்குள் நடப்பது எருக்கும்பிக்குள் நடப்பதே. மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. பச்சைச் சாணியின் கடுமைக்கும் யூரியா கூடிய கன்று கருகுவதற்கும் காரணமான அதே பொருள்தான். ஒரு வகைப் பக்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று ஓரளவுக்கு மீனைக் கொல்லாது; செடிக்கு அது உணவு. புதுத் தொட்டியில் இந்தப் பக்றீரியாக்கள் இல்லை. அவை மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு தொடக்கம் ஆறு கிழமை செல்லும். எரு மக்குவதற்குக் காத்திருக்கத் தெரிந்த நாங்கள் இதற்கும் காத்திருக்கலாம்.

இதில் நம்மூருக்கு இன்னொரு சிக்கல் இருக்கின்றது. அமிலத்தன்மை உள்ள மென்னீரில் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியம் என்ற வடிவில் இருக்கும். பீ.எச். பெறுமானம் 8ஐ அண்டிய சுண்ணாம்புத் தண்ணீரில், அதுவும் சூடான தண்ணீரில், அது நஞ்சு வடிவுக்கு மாறும் பங்கு கூடும். கொழும்பில் பிழைத்திருக்கக்கூடிய பிழை இங்கே கொன்றுவிடும்.

(இடையே ஒரு சொல். 1980களிலிருந்தே யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாம் கூட்டிப் போட்ட யூரியா சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி எங்கே போயிற்று என்பதற்கு இத்தொட்டி ஒரு சின்ன மாதிரி. பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்கத் தகுந்தது.)

மழையே முதல்

தொட்டி வாங்க முன்னர் மழைநீருக்கு ஒழுங்கு செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றவேண்டாம். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. அமேசன் தண்ணீருக்கு நம்மிடம் உள்ள மிகக் கிட்டிய உறவு அதுதான். இப்போது வடக்கில் பல இடங்களில் குடிநீருக்காகச் சுத்திகரித்து விற்கப்படும் ஆர்.ஓ. நீரும் இதற்குப் பொருந்தும். ஆயினும் காசு கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகுமா என்பதை நீங்களே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 20 சதுர மீற்றர் தகரக் கூரையில் 125 மில்லிமீற்றர் மழைக்கு 2,500 லீற்றர் விழும். சிந்துவதும் கழிப்பதும் போக 2,000 லீற்றர் சேர்க்கலாம். வாடைக்காற்று மழை நன்றாகப் பெய்யும் கார்த்திகையில் அதற்கு அதிக நாள் தேவையில்லை. நாம் இங்கு சொல்லும் தொட்டிக்கு அடுத்த மாரி வரையில் ஏறத்தாழ 1,700 லீற்றர் போதும். ஆகவே 2,000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று இருந்தால் கணக்குச் சரி. புதுச் சீமெந்துத் தாங்கி உகந்ததன்று. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு ஊறி, மழைநீரும் கிணற்று நீர் போலாகிவிடும். முதல் மழையின் தண்ணீரை ஓடவிட்டுக் கூரை கழுவுப்பட்ட பின்னரே பிடிக்க வேண்டும். பூச்சிமருந்து இருந்த பரலையோ கானையோ எத்தனை தரம் கழுவினாலும் எடுக்கக் கூடாது. தாங்கியின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும்.

வீட்டிலே குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத குடும்பமாயின் அந்த 2,000 லீற்றரும் முதலில் பிள்ளைகளுக்கு. மீன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழைநீரைத் தனியே நிரப்பினால் என்ன என்று கேட்பீர்கள். கூடாது. சுண்ணாம்பு சிறிதும் இல்லாத நீரில் பீ.எச். நிலைத்து நிற்காது, திடீரென்று கீழே விழுந்து மீனையும் பக்றீரியாவையும் சேர்த்துக் கொல்லும். ஆகவே நான்கு வாளி மழைநீருக்கு ஒரு வாளி கிணற்று நீர் கலக்க வேண்டும். உங்கள் கிணற்றின் வன்மை லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கலவையில் அது 80 ஆகும். டிஸ்கஸுக்கு இது போதும். உவர்க் கிணறு இதற்கு உதவாது. கடலோரத்திலும் தொண்டைமானாற்று ஏரிக் கரையிலும் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வன்மையையும் பீ.எச்.ஐயும் அமோனியாவையும் துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதுமானது.

தொட்டியும் அடிமண்ணும்

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்: இதுவே குறைந்த அளவு. விளிம்பு வரை நிறைத்தால் 255 லீற்றர் கொள்ளும். மண்ணுக்கும் மேல் இடைவெளிக்கும் விட்டால் உள்ளே 200 லீற்றர் தண்ணீர் நிற்கும். அதில் ஐந்து டிஸ்கஸ் வளர்க்கலாம். ஒன்றோ இரண்டோ வளர்ப்பது சரிவராது. இவை கூட்டமாக வாழ்பவை. இரண்டு மட்டும் இருந்தால் பெரியது சின்னதைத் தின்னவிடாது கலைத்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த மீன் ஆறு அங்குலத்துக்கு மேல் வரும். கண்ணாடி 10 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும். ஒட்டிய பசை காய ஒரு கிழமை விட்டு, வெளியிலே வைத்து மூன்று நாள் தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பாருங்கள்.

நிரப்பிய தொட்டி 300 கிலோவைத் தாண்டும். மேசை தாங்காது. சீமெந்துக் கற்களை இரண்டு வரிசையாக அடுக்கி, தடித்த பலகை போட்டு, மட்டம் பார்த்து, அதன்மேல் ஒரு றெஜிபோம் தட்டை விரித்து வையுங்கள். சாளரத்துக்குக் கிட்ட வைத்தால் பகலில் பாசி பிடிக்கும். மார்கழி இரவில் குளிரும். உட்சுவர்ப் பக்கமே நல்லது. இடையிலே வீடு மாற வேண்டி வரக்கூடிய குடும்பங்கள் இதனை நன்றாக யோசிக்க வேண்டும். ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம், கோழியைக் கூட்டோடு தூக்கலாம். இதைத் தூக்க முடியாது.

அடியிலே ஓர் அங்குலம் குளத்து வண்டல். காயவைத்து இடித்து அரித்தெடுத்தது. அதன்மேல் இரண்டு அங்குலம் கழுவிய ஆற்றுமணல். கமக்காரன் கை சும்மா இராது. வண்டலோடு ஒரு பிடி மாட்டெரு கலந்தால் செடி நன்றாக வரும் என்று நினைக்கும். கலக்காதீர்கள். அமோனியாவைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மணலையும் கல்லையும் சோதிக்க ஒரு சுகமான வழி இருக்கின்றது. ஒரு கோப்பையில் சிறிது எடுத்து வினாகிரி விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அதில் சுண்ணாம்போ சிப்பித்தூளோ உண்டு, வேண்டாம். வடமராட்சிக் கடற்கரை மணலில் சிப்பி கலந்திருக்கும். நம்மூர்க் கற்கள் பெரும்பாலும் நுரைக்கும். அலங்காரத்துக்குக் கல் தேடி அலைவதை விட, உடைந்த சிவப்பு மண்சட்டி ஓடுகளைச் சாய்த்து வைப்பது நல்லது. மீன் மறைய இடமாகும்; பிற்காலத்தில் முட்டையிடவும் உதவும். மரக்கட்டை வைப்பதானால் நன்றாகக் காய்ந்த வைரக்கட்டையை அவித்து, சாயம் இறங்கி முடியுமட்டும் தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள். வேப்பங்கட்டையும் பால் வடியும் மரங்களும் ஆகா.

வடிகட்டிக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. காற்றுப் பம்பியில் ஓடும் பஞ்சு வடிகட்டி இரண்டு, இரு மூலைகளிலும். மின்சாரம் நின்றால் ஓடுவதற்குப் பற்றறியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்று கைக்காவலாக இருக்க வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையின்போது மின்சாரமின்றி ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு மின்தடை புதிதன்று. மீனுக்கு அது புதிது. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். சித்திரை வைகாசி வெக்கையில் காற்று நின்றால் சில மணித்தியாலங்களில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

செடிகள்

டிஸ்கஸுக்கு 28 தொடக்கம் 30 பாகை செல்சியஸ் வேண்டும். கடைகளில் விற்கும் மென்மையான செடிகள் பல இச்சூட்டில் அழுகிவிடும். நின்று பிடிப்பவற்றுள் சிறந்த ஒன்று நம் நாட்டினுடையதே. கிரிப்டோகோரைன் என்ற சிறு நீர்ச்செடி. அதில் வெண்டி, பெக்கெற்றி, வால்க்கெரி முதலிய இனங்கள் இலங்கைக்கே உரியவை. தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளில் வளர்பவை. இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் நிற்கின்றன. ஐரோப்பாவில் ஒரு தொட்டிக்காரர் அருமையாக வளர்க்கும் செடி நம் நாட்டு ஓடையில் முளைத்தது என்பதை நாமே அறியாதிருக்கிறோம். காட்டு ஓடைகளிலிருந்து பிடுங்குவதால் இவற்றுள் சில அருகிவருகின்றன. ஆகவே நாற்றுமேடையில் வளர்த்ததையே வாங்க வேண்டும்.

கிரிப்டோகோரைனை நட்ட இரண்டாம் கிழமை இலையெல்லாம் கூழாகிக் கரையலாம். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தவர்கள் பலர். எறியாதீர்கள். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிடுங்கள். வேர் உயிரோடிருக்கும், ஒரு மாதத்தில் புதிதாகத் துளிர்க்கும். இடம் மாறிய அதிர்ச்சி அதற்கு.

முன்பக்கத்தில் கிரிப்டோகோரைன், நடுவில் அகன்ற இலையுள்ள அமேசன் வாட்செடி, மரக்கட்டையில் நூலால் கட்டிய ஜாவாப் பன்னமும் அனூபியாஸும். கடைசி இரண்டின் கிழங்கையும் மணலுக்குள் புதைத்தால் அழுகும். பின்பக்கத்துக்கு நாடா போன்ற வலிஸ்நேரியா. கொட்டிக்கிழங்கு தெரிந்தவர்கள் அதையும் வைத்துப் பார்க்கலாம். அதன் இனத்தைச் சேர்ந்த அப்போனோகெற்றன் செடிகள் தொட்டிக்கும் பெயர்போனவை. சில மாதம் தழைத்துச் சில மாதம் உறங்கும். எல்.ஈ.டி. விளக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலம் எரிந்தால் போதும். காபனீரொட்சைட்டு ஊட்டும் சிலிண்டர் இச்செடிகளுக்குத் தேவையில்லை. நடுவிலும் முன்னாலும் வெறுமணல் விடுங்கள். மீன் திரும்ப இடம் வேண்டும், நீங்கள் குப்பை உறிஞ்சவும் இடம் வேண்டும்.

பத்துக் கிழமை

இனி வேலையின் ஒழுங்கு. மழைநீரைக் கார்த்திகை மார்கழியில் பிடித்துவிடுங்கள். தைப்பொங்கல் கழிந்ததும் தொட்டியை வைத்துச் செடி நட்டு, வெறும் கிணற்றுத் தண்ணீரால் நிரப்புங்கள். ஆம், முதலில் கிணற்றுத் தண்ணீரேதான். கழிவைத் தின்னும் பக்றீரியாக்கள் சுண்ணாம்பு உள்ள நீரில் நன்றாகப் பெருகும்; புளித்த மென்னீரில் மந்தமாகும். நம்முடைய தண்ணீர் இந்த ஓர் இடத்தில் நமக்குத் துணை நிற்கின்றது.

முதல் கிழமையில் மீன் வேண்டாம். நாளுக்கு ஒரு சிட்டிகை மீன்தீன் போட்டு அழுகவிடுங்கள். இரண்டாம் மூன்றாம் கிழமையில் நாலைந்து கப்பி மீன்களை விடலாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து ஊறிய பஞ்சு ஒன்று கிடைத்தால், தயிருக்கு உறைமோர் இட்டது போல வேலை விரைவாகும். ஆறாம் கிழமை சோதித்துப் பாருங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை, நைத்திரேற்று மட்டும் இருக்கின்றது என்றால் தொட்டி பதப்பட்டுவிட்டது.

அதன் பின்னர் கிழமைக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு மழைநீர் ஊற்றுங்கள். வன்மை 400இலிருந்து முதற்கிழமை 267க்கும், பின்னர் 178க்கும், 119க்கும், நான்காம் கிழமை 79க்கும் இறங்கும். செடியும் பக்றீரியாவும் அதிர்ச்சியின்றிப் பழகும். பத்தாம் கிழமை பங்குனி நடுவில் வரும். குளிரும் போய்விட்டிருக்கும். அப்போது டிஸ்கஸ் வாங்குங்கள்.

வாங்குவது பற்றியும் சொல்லவேண்டும். ஓரிடத்திலிருந்தே ஐந்தையும் வாங்குங்கள். பலவிடத்து மீன்களைச் சேர்த்தால் ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றும். சின்னக் குஞ்சுகளைச் செடித் தொட்டியில் விடுவது நல்லதன்று. அவற்றுக்கு நாளுக்கு நாலைந்து தரம் தீன் வேண்டும், அதற்கேற்பத் தண்ணீரும் அடிக்கடி மாற்ற வேண்டும். செடிக்குள் மிஞ்சிய தீன் ஒளிந்து அழுகும். மண் போடாத வெறுந்தொட்டியில் நாலைந்து அங்குலம் வரை வளர்த்து மாற்றலாம். இல்லையேல் அவ்வளவுக்கு வளர்ந்த மீனையே வாங்குங்கள், விலை கூடினாலும். கட்டிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணித்தியாலத்துக்கு மேலாகச் சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. முதல் நாள் விளக்கும் வேண்டாம், தீனும் வேண்டாம்.

வளர்ந்த மீனுக்கு நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. நம் கரையில் கிடைக்கும் இறாலைக் கோது நீக்கி, முள்ளில்லா மீன்சதையும் அவித்த பசளிக்கீரையும் சேர்த்து அரைத்து, தட்டையாக உறையவைத்து, வேண்டிய துண்டை உடைத்துப் போடலாம். வாய்க்காலில் அள்ளிய புழு நோய் கொண்டுவரும். கிழமைக்கு 60 லீற்றர் தண்ணீர் மாற்றுங்கள். அதில் 48 மழைநீர், 12 கிணற்று நீர். புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் கைக்கு ஒரே சூடாக இருக்க வேண்டும். காய்ந்த நாட்டுவாதுமை இலை இரண்டு போட்டால் தண்ணீர் தேயிலை நிறமாகும். மீனுக்கு அது பிடிக்கும்.

மார்கழி தை இரவுகளுக்கு 200 வாற்று வெப்பமாக்கி ஒன்று வேண்டும். தண்ணீர் மாற்ற முன்னர் அதன் மின்செருகியைக் கழற்றுங்கள். தண்ணீருக்கு மேலே வெறும் காற்றில் எரிந்தால் கண்ணாடி வெடிக்கும்; கையை விட்டிருப்பவரின் உயிருக்கும் ஆபத்து. பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மீன் கறுத்தல், ஒதுங்கல், தீன் மறுத்தல், வெள்ளை நூல் போல மலங்கழித்தல்: இவை கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதித்து மூன்றிலொரு பங்கை மாற்றுங்கள். மருந்தென்று எதையாவது ஊற்றினால் பக்றீரியாவும் சாகும். பிறகு அமோனியா ஏறும்.

வருமானம் எங்கே?

இதை மறைத்தால் பாடம் பொய்யாகிவிடும். இப்படி ஒரு செடித் தொட்டி அழகு தரும், பழக்கம் தரும். அதிலிருந்து மாதவருமானம் வராது. டிஸ்கஸ் குஞ்சு பொரிப்பித்து விற்பது வேறு வேலை. தாயும் தந்தையும் செங்குத்தான ஓட்டிலே முட்டையிட்டுக் காக்கும். இரண்டரை மூன்று நாளில் பொரிக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றாரின் தோலில் சுரக்கும் சளியைத் தின்று வளரும், பால் குடிப்பது போல. பார்க்கக் கண் போதாது. ஆனால் முட்டை பொரிக்க இன்னும் மென்மையான நீர் வேண்டும். நம் கலவையில் முட்டைகள் பெரும்பாலும் வெளுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மழைநீர் தாராளமாக உள்ளவர், இரண்டு மூன்று வருடம் பழகியவர், அதற்குப் பிறகு இறங்கலாம்.

முதற் காசு வர வேண்டிய குடும்பம் கப்பியையும் மொல்லியையும் பார்க்கட்டும். இவ்விரண்டும் சுண்ணாம்புத் தண்ணீரை விரும்புபவை. கிணற்றடித் தொட்டியிலேயே குட்டி போடும். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பியே முதலிடம். கிணற்று நீரோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கில் செய்யும் தொழில் அது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீர் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை அலங்கார மீன் வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கின்றது. குருநாகல் மாவட்டத்தின் ரம்படகல்லவில் அதற்கென்றே ஒரு நிலையம் உண்டு. குஞ்சு வாங்க முன்னர் அங்கே விசாரியுங்கள். அதற்கும் முன்னர், வளர்த்த மீனை யார் வாங்குவார், எந்த அளவில், எந்த நிறத்தில் வாங்குவார் என்று நகரக் கடைகளில் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாங்குபவர் தெரியாமல் கடன் எடுக்கவேண்டாம். மீன் மிஞ்சினால் குளத்திலோ கேணியிலோ விடவும் வேண்டாம்.

செடியை நாற்றாகப் பிரித்து விற்பதிலும் ஒரு வழி இருக்கின்றது. கிரிப்டோகோரைனை ஈரமான சட்டிகளில், பிளாஸ்ரிக் மூடிய நிழலில், தண்ணீருக்கு மேலேயே வளர்க்கலாம். புகையிலை நாற்றுமேடை பார்த்த கைக்கு அது வரும். சட்டியில் இருப்பதால் வீடு மாறினாலும் கூடவே வரும்.

கிழமைதோறும் எடுக்கும் 60 லீற்றர் பழைய தண்ணீரை வெளியே கொட்டாதீர்கள். அதிலே நைத்திரேற்று உண்டு; உப்பும் குறைவு. எனது தண்ணீரை அந்த ஆச்சி வேலிக்கு மேலால் வாளியில் வாங்கி, பழைய ரயர்களில் நட்ட மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றுவார். மீனுக்கு மருந்தோ உப்போ போட்ட கிழமையில் மட்டும் கேட்டுவிட்டு ஊற்ற வேண்டும்.